பெரிய வீட்டுச் சீட்டு

நகைக் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "இன்றைக்குப் பவுன் என்ன விலை?" என்றுதான். கடைக்காரர் ஒரு தொகையைச் சொல்வார். கேட்ட அம்மாள் ஒரு பெருமூச்சு விடுவார். "ஏன் இப்படி ஏறுகிறது?" என்று மேலும் கேட்டால் லண்டன் என்பார், நியூயார்க் என்பார், டாலர் என்பார், அதற்கு மேலும் கேட்டால் அடுத்த வாடிக்கைக்காரரைக் கவனிக்கப் போய்விடுவார்.

அவருக்கு ஆயிரம் வேலை. நாம் உட்கார்ந்து பேசலாம், வாருங்கள். அமெரிக்காவின் பொருளாதாரக் கொள்கையைப் பற்றி வெளி தேசத்தார் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பெரிய பெரிய தலையங்கங்களைப் படிக்க வேண்டியதில்லை. வாயால் என்ன சொல்கிறார்கள் என்பது ஒன்று; பெட்டியில் எதை வைத்துப் பூட்டுகிறார்கள் என்பது வேறொன்று. குடும்பம் நடத்துகிற உங்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் சொல்லித் தர வேண்டுமா, என்ன?

முதலில் ஒரு சின்னக் கற்பனை. ஓர் ஊரில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு எஜமானர் மளிகை வாங்கினால் காசு கொடுப்பதில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். எப்போது கொண்டு போனாலும் அதற்கு ஈடாகத் தங்கம் நிறுத்துக் கொடுப்பதாக வாக்கு. மளிகைக்காரர் சீட்டை அந்த வீட்டுக்குக் கொண்டு போகவே இல்லை. அதை அரிசி மண்டியில் கொடுத்தார். மண்டிக்காரர் வண்டிக்காரரிடம் கொடுத்தார். வண்டிக்காரர், பெண் கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று பெட்டியில் வைத்துக்கொண்டார். நாளாவட்டத்தில் ஊர் முழுவதும் அந்தச் சீட்டை வைத்தே கொடுக்கல் வாங்கல் நடக்க ஆரம்பித்துவிட்டது. பெரிய வீட்டுக்கு எவ்வளவு சௌகரியம், பாருங்கள்! சீட்டு ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற வரையில், வாங்கிய மளிகைக்கு விலை ஒரு துண்டுக் காகிதமும் கொஞ்சம் மையும்தான்.

அந்தப் பெரிய வீடு அமெரிக்கா. சீட்டு, டாலர்.

வீடு கற்பனை என்றாலும் வாக்கு கற்பனை அல்ல. 1944 ஜூலையில், யுத்தம் முடிவதற்கு முன்பே, 44 தேசங்களின் பிரதிநிதிகள் அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸ் என்ற மலைப் பிரதேசத்து ஹோட்டலில் கூடினார்கள். இந்தியாவும் போயிருந்தது. சர் ஜெரிமி ரெய்ஸ்மன் தலைமையில் சென்ற அந்தக் கோஷ்டியில் ரிசர்வ் பாங்குக் கவர்னர் சி. டி. தேஷ்முக் இருந்தார், நம் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். பின்னால் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாக வந்த அதே செட்டியார்தான். பிரிட்டிஷ் மேதை கெயின்ஸ், எந்த ஒரு தேசத்துக்கும் சொந்தமில்லாத உலக நாணயம் ஒன்று வேண்டும் என்று முன்பே யோசனை சொல்லி, அதற்கு 'பாங்கோர்' என்று பெயரும் வைத்திருந்தார். அமெரிக்கா ஒப்பவில்லை. கையில் பணம் இருக்கிறவர் பேச்சுத்தானே சபையில் எடுபடும்? டாலரே நடுநாயகமாக உட்கார்ந்தது. மற்ற நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டன; டாலர் தங்கத்தோடு கட்டப்பட்டது. ஓர் அவுன்ஸ் தங்கம் 35 டாலர். ஓர் அவுன்ஸ் என்பது நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரு விசேஷம். இந்த வாக்கு வெளி தேசத்துச் சர்க்கார்களுக்கு மட்டும்தான். அமெரிக்கப் பிரஜைகள் 1933 முதல் 1974 முடிகிற வரையில் தங்கக் கட்டி சேர்த்து வைப்பதே குற்றம். நகை போட்டுக்கொள்ளத் தடை இல்லை. நல்ல வேளை!

வெளி தேசங்களில் பலவும் தங்கள் தங்கத்தை நியூயார்க்கிலேயே விட்டு வைத்தன. அங்கே லிபர்ட்டி தெருவில் பெடரல் ரிசர்வ் பாங்கின் கட்டடம் இருக்கிறது. தெருவுக்குக் கீழே 80 அடி ஆழத்தில், மன்ஹாட்டன் தீவின் பாறை மீதே அமர்ந்திருக்கிறது அதன் தங்க அறை. உள்ளே பல தடுப்பு அறைகள். எந்த அறை எந்த தேசத்தினுடையது என்று பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். ஒரு கட்டியின் எடை 12 கிலோவுக்கு மேல். காலில் விழுந்தால் என்ன ஆகும்? அதற்காகவே ஊழியர்கள் பூட்ஸுக்கு மேலே மக்னீஷிய உலோகத்தால் ஆன கவசம் மாட்டிக்கொள்வார்கள். ஒரு தேசம் இன்னொரு தேசத்துக்குத் தங்கம் கொடுக்க வேண்டுமானால் கப்பல் வேண்டாம், விமானம் வேண்டாம். தள்ளுவண்டியில் ஏற்றி அடுத்த அறையில் இறக்கினால் தீர்ந்தது. ஒரு சாம்ராஜ்யத்தின் கடன் பத்தடி தூரத்தில் அடைபட்டுவிடும்!

யுத்தம் முடிந்த காலத்தில் உலக அரசுகளிடம் இருந்த தங்கத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிடம் இருந்தது. ஐரோப்பாவோ இடிந்து கிடந்தது. 1948 முதல் நாலு வருஷம் மார்ஷல் திட்டத்தின் கீழ் சுமார் 1,300 கோடி டாலர் உதவி வந்தபோது, அதை யாரும் வெறும் காகிதம் என்று சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். முணுமுணுப்பு வந்தது பிற்பாடுதான், வயிறு நிறைந்த பிறகு.

முணுமுணுப்புக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. ராபர்ட் டிரிபின் என்று பெல்ஜியத்தில் பிறந்த ஒரு பேராசிரியர் 1960-ல் ஒரு புத்தகம் எழுதினார். சாராம்சம் இதுதான்: உலக வியாபாரம் பெருகப் பெருக டாலர் அதிகம் வேண்டும், டாலர் வெளியே போகப் போக, அதற்கு ஈடாக உள்ள தங்கம் போதாமல் போகும், என்றைக்காவது ஒரு நாள் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். சீட்டை நிறுத்தினால் ஊர் வியாபாரம் படுத்துவிடும்; நிறுத்தாவிட்டால் சீட்டே படுத்துவிடும். அந்தச் சமயம் வெளியார் கையில் இருந்த டாலர்களின் மதிப்பு அமெரிக்காவின் தங்கத்தை எட்டிப் பிடித்துக் கடந்துகொண்டிருந்தது.

பேராசிரியர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்? கேட்கும்படி சொன்னவர் பிரெஞ்சு ஜனாதிபதி டிகால். 1965 பிப்ரவரி 4-ந் தேதி பாரிஸில் எலிஸே மாளிகையில் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு புரோகிதருக்குரிய கம்பீரத்துடன் தங்கத்தின் பெருமையைப் பேசினார். தங்கத்தின் இயல்பு மாறாது, கட்டியாகவும் இருக்கும், காசாகவும் இருக்கும், அதற்குத் தேசம் கிடையாது என்றார். ஒரு தேசம் தன் கடனைத் தன் காகிதத்தாலேயே அடைத்துக்கொண்டு போவது என்ன நியாயம் என்று கேட்டார். அவருடைய நிதி மந்திரி ஜிஸ்கார் தெஸ்தேன் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: மிதமிஞ்சிய சலுகை. அந்தப் பெயர் இன்றைக்கும் பொருளாதாரப் புத்தகங்களில் அழியாமல் இருக்கிறது.

டிகாலின் கோபத்துக்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 1963-ல் சிம்கா மோட்டார் கம்பெனி அமெரிக்கக் கிரைஸ்லர் கைக்குப் போயிற்று. 1964-ல் புல் என்னும் கம்ப்யூட்டர் கம்பெனி ஜெனரல் எலெக்ட்ரிக் கைக்குப் போயிற்று. 'நாம் சீட்டை வாங்கிப் பெட்டியில் வைக்கிறோம். அவர்கள் அதே சீட்டை வைத்து நம் கடையையே வாங்கிவிடுகிறார்களே!' என்று அவருக்குத் தோன்றாமல் இருக்குமா? ஆனால் அவர் பேசியதோடு நிற்கவில்லை. டாலரைக் கொடுத்துத் தங்கம் வாங்கினார். அதையும் அந்த எண் போட்ட அறையில் விட்டு வைக்க மனமில்லை. கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிப் பாரிஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். என்னைக் கேட்டால், அந்தக் காலத்துப் புகார்க்காரர்களில் அவர் ஒருவர்தான் பேச்சும் செயலும் ஒன்றாக இருந்தவர். (1968 மே மாதம் பிரான்ஸில் மாணவர்களும் தொழிலாளிகளும் கிளம்பியபோது அந்தத் தங்கத்தில் ஒரு பகுதி வெளியே போனதும், 1969-ல் பிராங்க் நாணயமே மதிப்புக் குறைக்கப்பட்டதும் வேறு கதை.)

ஜெர்மனி அப்படிச் செய்ய முடியவில்லை. அதனிடமும் டாலர் குவிந்திருந்தது. அதற்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் ரஷ்யப் படை வாசலில் நின்றது. காவலுக்கு நின்றவன் அமெரிக்கச் சிப்பாய். காவல்காரனிடம் கடனைத் திருப்பிக் கேட்பது எப்படி? 1967 மார்ச்சில் ஜெர்மன் மத்திய பாங்கின் தலைவர் கார்ல் பிளெஸ்ஸிங் அமெரிக்காவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். டாலரைத் தங்கமாக மாற்றிக் கேட்கமாட்டோம் என்று அதில் உறுதி. பின்னால் அந்தக் கடிதத்துக்காக அவரே வருத்தப்பட்டார். கடன் கொடுத்தவர் பயப்படுகிறார், கடன் வாங்கியவர் நிமிர்ந்து நடக்கிறார்! இப்படிப்பட்ட உறவு நம் தெருவிலும் உண்டுதான். அதற்குச் சர்வதேசப் பெயர் கிடையாது, அவ்வளவே.

வியட்நாம் யுத்தச் செலவு ஏறிற்று. உள்நாட்டுச் செலவும் ஏறிற்று. 1949-ல் சுமார் 2,450 கோடி டாலராக இருந்த அமெரிக்கத் தங்கம், 1971 கோடையில் 1,000 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த வருஷம் ஆகஸ்டு 15, ஞாயிற்றுக்கிழமை. நாம் இங்கே கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த தேதி. அன்று இரவு ஜனாதிபதி நிக்ஸன் டெலிவிஷனில் தோன்றினார். மறுநாள் சந்தை திறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் ஜனங்கள் விரும்பிப் பார்க்கும் 'பொனான்ஸா' என்ற குதிரைவீரர் தொடர் உண்டே, அதை மறித்தால் கோபித்துக்கொள்வார்களே என்று கூட யோசித்தார்களாம். கடைசியில் பேச்சுத்தான் வென்றது. இனி டாலருக்குத் தங்கம் கிடையாது. இறக்குமதிச் சரக்குகள் மேல் 10 சதவீதம் கூடுதல் வரி. 90 நாளைக்கு விலையும் சம்பளமும் ஏறக்கூடாது.

பெரிய வீட்டுக் கதவு சாத்தியாயிற்று. சீட்டு வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். அமெரிக்க நிதி மந்திரி ஜான் கானலி டெக்ஸாஸ்காரர். வழவழா பேச்சு அவருக்குப் பிடிக்காது. முறையிட்ட ஐரோப்பிய மந்திரிகளிடம், டாலர் எங்கள் நாணயம், ஆனால் தொல்லை உங்களுடையது என்ற பொருளில் ஒரே போடாகப் போட்டார். தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டே, அதை அவரிடம் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

ஜப்பானியர்களுக்குத்தான் மனம் அதிகம் நொந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 15-ல், நிக்ஸன் சீனாவுக்குப் போகப் போவதாக அறிவித்தபோது டோக்கியோவை யாரும் கலந்துகொள்ளவில்லை. அடுத்த அடி இது. இரண்டையும் சேர்த்து 'நிக்ஸன் ஷோக்கு' என்று இன்றுவரை சொல்கிறார்கள். 1949 முதல் ஒரு டாலருக்கு 360 யென் என்று கல்லில் செதுக்கியது போல் இருந்தது. அந்தக் கணக்கை நம்பியே தொழிற்சாலைகளும் கப்பல் தளங்களும் எழும்பின. ஐரோப்பியச் சந்தைகள் கதவை மூடிக்கொண்டபோதும் ஜப்பான் திறந்தே வைத்து, இரண்டு வாரம் டாலரை வாங்கிக் குவித்தது. எஜமானே கைவிட்ட சீட்டைத் தாங்கிப் பிடித்த அந்த விசுவாசத்தை என்னவென்று சொல்வது! தாங்க முடியவில்லை. டிசம்பரில் 308 யென் ஆயிற்று.

இத்தனைக்கும் பிறகு டாலரை ஊரார் குப்பையில் போட்டிருக்க வேண்டும் அல்லவா? போடவில்லை. இங்கேதான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது.

சீட்டு எழுதுவது எல்லாருக்கும் வாய்க்காது என்பதற்கு நம் தேசமே சாட்சி. பி.எல். 480 கோதுமையை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ரேஷன் கடையில் அந்தக் கோதுமையை வாங்கி, அரிசிச் சோறு தின்று வளர்ந்த குழந்தைகளுக்குச் சப்பாத்தி இட்டுக் கொடுத்த காலம். அதற்கு நாம் கொடுத்த விலை டாலர் அல்ல, ரூபாய். அமெரிக்காவின் கணக்கில் ரூபாய் மலையாகக் குவிந்தது. குவிந்து என்ன? அதைக் கொண்டு போய் ஜெர்மனியில் மோட்டார் வாங்க முடியுமா, அரேபியாவில் எண்ணெய் வாங்க முடியுமா? வைத்துக்கொண்டு விழித்தார்கள். கடைசியில் 1974 பிப்ரவரியில் தில்லியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரு செக் எழுதி இந்திய சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பெருந்தன்மைதான், சந்தேகமில்லை. ஆனாலும் பாருங்கள்: நம் சீட்டு அவர்கள் கையில் பாரம், அவர்கள் சீட்டு நம் கையில் சொத்து.

காரணம் தெளிவு. எண்ணெய் விலை டாலரில் சொல்லப்படுகிறது. கப்பல் கூலி டாலரில். அமெரிக்க சர்க்காரின் கடன் பத்திரத்தை எந்த நேரத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம். வேறு எந்தத் தேசத்தின் சந்தையும் அத்தனை ஆழம் இல்லை. 2008 செப்டம்பரில் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. வீட்டுக் கடனில் ஆரம்பித்த அந்தத் தீ அமெரிக்காவில் மூண்டது, உலகமே எரிந்தது. அப்போது பயந்த பணமெல்லாம் எங்கே ஓடிற்று தெரியுமா? அமெரிக்கக் கடன் பத்திரத்துக்கு! தீப்பற்றிய வீட்டுக்குள்ளேயே ஜனங்கள் பெட்டி படுக்கையோடு ஒண்ட ஓடிய அதிசயம் அது. 2009 மார்ச்சில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ், கொடுத்த கடன் பத்திரமாக இருக்குமா என்று கவலையாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார். அதே மாதம் சீன மத்திய பாங்கின் கவர்னர் ஒரு கட்டுரையில், எந்தத் தேசத்துக்கும் சொந்தமில்லாத நாணயம் வேண்டும் என்று எழுதினார். ஆமாம், கெயின்ஸின் பழைய பாங்கோரைத்தான் தூசி தட்டி எடுத்தார். எழுதினார்களே தவிர, டாலர் வாங்குவதை அன்றே நிறுத்திவிடவில்லை.

இனி நம் நாளைய பாட்டுக்கு வருவோம். 2022-ல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபோது, அமெரிக்காவும் அதன் நேச தேசங்களும் ரஷ்ய மத்திய பாங்கின் சேமிப்பில் சுமார் 30,000 கோடி டாலர் மதிப்புள்ளதை முடக்கி வைத்தன. படையெடுப்பு அக்கிரமம் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் சண்டையில் சம்பந்தப்படாத தேசங்களும் அன்று தங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தன. சீட்டு கையில் இருந்தாலும், பெரிய வீட்டோடு மனஸ்தாபம் வந்தால் செல்லாது போலிருக்கிறதே என்று யோசித்தன. 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருஷமும் உலக மத்திய பாங்குகள் வருஷத்துக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. கூச்சல் இல்லை, டிகாலைப் போல் பிரசங்கம் இல்லை, சத்தமில்லாமல் வாங்கின. இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் உலக தேசங்களின் அந்நியச் செலாவணிச் சேமிப்பில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்த டாலரின் பங்கு, 2024-ல் 60-க்கும் கீழே வந்துவிட்டது.

நம் ரிசர்வ் பாங்கும் சும்மா இருக்கவில்லை. 1991-ல் இறக்குமதிக்குக் கொடுக்கக் காசில்லாமல் இந்தியா சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அடமானத்துக்கு அனுப்பிய சங்கடம் நினைவிருக்கிறதா? தாலியை அடகு வைத்தது போல் தேசமே அன்று குன்றிப் போயிற்று. கடன் சீக்கிரமே அடைந்துவிட்டது. 2024-ல், இங்கிலாந்தில் இருந்த தங்கத்தில் சுமார் 100 டன்னை ரிசர்வ் பாங்க் இந்தியாவுக்கே கொண்டுவந்துவிட்டது.

அமெரிக்கர்கள் மட்டும் இதைச் சலுகை என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2025 ஏப்ரல் 2-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஏறக்குறைய எல்லாத் தேசங்கள் மீதும் இறக்குமதி வரி போட்டபோது அவர் சொன்ன நியாயம், உலகம் தங்களை ஏமாற்றுகிறது, தங்கள் தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கின்றன என்பதே. கணக்குப் புத்தகம் ஒன்றுதான். 'சாமானை வாங்கிக்கொண்டு காகிதம் கொடுத்தார்கள்' என்று வெளியார் படிக்கிற அதே பக்கத்தை, 'சாமானைத் தலையில் கட்டி எங்கள் வேலையைப் பறித்தார்கள்' என்று வேலையிழந்த அமெரிக்கத் தொழிலாளி படிக்கிறான். இரண்டும் பொய் இல்லை. சீட்டு வாங்கிய ஜப்பானும் ஜெர்மனியும் அந்தச் சீட்டால் பிழைத்துப் பணக்காரர் ஆனவைதாம். 2025 ஆகஸ்டு 27-ல் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதமானபோது திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களைக் கேட்டிருந்தால், அமெரிக்கா வாங்காமல் இருப்பது எப்படிப்பட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்த ஏப்ரலில் நடந்த ஒரு சங்கதியைப் பலர் கவனிக்கவில்லை. 2008-ல் பயந்தவர்கள் டாலருக்குள் ஓடினார்கள். 2025-ல் பயம் வந்தபோது டாலர் இறங்கிற்று. அமெரிக்கக் கடன் பத்திரத்தையும் ஜனங்கள் விற்றார்கள். ஒரே வாரத்தில், ஏப்ரல் 9-ல், டிரம்ப் பெரும்பாலான வரிகளை 90 நாள் தள்ளி வைத்தார். எந்த தேசத்தின் மந்திரி கெஞ்சியும் நடக்காதது, கடன் பத்திரச் சந்தை முகம் சுளித்ததும் நடந்தது. மே மாதம் மூடீஸ் நிறுவனமும் அமெரிக்காவை முதல் தரத்திலிருந்து ஒரு படி இறக்கிற்று. அக்டோபரில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியது. 35 டாலர் என்று வாக்குக் கொடுத்த அதே ஓர் அவுன்ஸ்தான். நகைக் கடையில் நீங்கள் விட்ட பெருமூச்சில் இத்தனை கதை இருக்கிறது.

அப்படியானால் ஏன் எல்லாரும் ஒரேயடியாக விற்றுவிட்டு வெளியே வரவில்லை என்று கேட்பீர்கள். அதே மே மாதத்தில் ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்கக் கடன் பத்திரத்தை அதிகம் வைத்திருக்கும் வெளி தேசம் அப்போது ஜப்பான்தான்; ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல். வரிப் பேச்சு வார்த்தை நடந்துகொண்டிருந்தபோது ஜப்பானிய நிதி மந்திரி கட்டோ டெலிவிஷன் பேட்டியில், அந்தப் பத்திரங்களும் எங்கள் கையில் உள்ள ஒரு சீட்டுத்தான் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது விளையாட்டுச் சீட்டு. உலகச் சந்தை காதைத் தீட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. இரண்டு நாள் கழித்து அவரே இத்தாலியில் நிருபர்களைச் சந்தித்தார். பத்திரங்களை விற்கிற உத்தேசம் எதுவும் இல்லை என்று விளக்கம் சொன்னார்.